பாட்டு வந்த திசை

என் கணவருக்குக் கூடாரம் போட்டுத் தங்கும் ஆசை எங்கிருந்து வந்து ஒட்டிக்கொண்டது என்று எனக்குத் தெரியாது. சேலத்தில் டிராக்டர் உதிரி பாகங்கள் விற்கும் கடையில் அவருக்கு வேலை. கடை முதலாளிக்கு மலைமேல் மஞ்சக்குட்டை என்ற ஊருக்கு மேலே சின்னதாக ஒரு காப்பித் தோட்டம் இருந்தது. வருஷத்தில் பாதி நாள் அங்கே யாரும் போவதில்லை. முதலாளியிடம் கெஞ்சி அவருடைய பழைய ஜீப்பையும், லாரி ஆபீசில் இருந்து ஒரு தார்ப்பாயையும் வாங்கிக்கொண்டு, "ரெண்டு நாளு தங்கிட்டு வருவோம் புள்ள" என்று கிளம்பிவிட்டார். எங்களுக்குக் கல்யாணமாகி இரண்டாவது வருஷம். எண்பதுகளின் நடுவில் என்று வைத்துக்கொள்ளலாம். கல்லூரி விடுமுறைக்கு வந்திருந்த என் தங்கையும் எங்களோடு ஏறிக்கொண்டாள்.

அவளுக்காகத்தான் டேப் ரெக்கார்டர் வந்தது. டார்ச் லைட்டுக்குப் போடும் பருமனான பேட்டரிக் கட்டைகள் ஆறு போட்டால் பாடும். அடிவாரத்தில் ஆரம்பித்து ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவுக்கும் சத்தத்தைக் கூட்டிக்கொண்டே வந்தாள். மேலே போய்ச் சேர்வதற்குள் கட்டைகள் சோர்ந்து, பாடுகிறவர் கிணற்றுக்குள் இருந்து பாடுவதுபோல ஆகிவிட்டது.

என் கணவர் இதற்குத் தயாராகத்தான் வந்திருந்தார். ஜீப் பானெட்டைத் திறந்து வைத்து எங்களுக்கு விளக்கினார். ஜீப் பேட்டரி பன்னிரண்டு வோல்ட், டேப்புக்கு ஒன்பதுதான் வேண்டும், அப்படியே கொடுத்தால் கருகிப்போகும். ஆனால் அந்தக் காலத்துக் கறுப்பு பேட்டரிகளின் மேல்புறத்தில், உள்ளே இருக்கும் ஆறு அறைகளையும் இணைக்கும் ஈயப்பட்டைகள் வெளியே தெரியும். ஒரு கிளிப்பை முனையிலும் இன்னொன்றை நான்காவது அறையின் பட்டையிலும் மாட்டினால் எட்டு வோல்ட் சொச்சம் வரும். அது போதும். பிளஸ், மைனஸ் ஒயர் மாறினாலும் டேப் போய்விடும் என்பதால் ஒரு ஒயரில் முடிச்சுப் போட்டு வைத்திருந்தார். பழைய ஸ்பீக்கர் ஒன்றைப் பிளைவுட் பெட்டியில் அடைத்துக் கொண்டுவந்திருந்தார். அதையும் மாட்டியதும் தோட்டம் முழுக்கப் பாட்டு நிறைந்தது. "ஒரு மணி நேரந்தான். அப்புறம் ஜீப்பு கிளம்பாது" என்றார். தங்கை முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள்.

மறுநாள் காலை வெயில் பளிச்சென்று இருந்தது. நாங்கள் தங்கிய இடம் தோட்டத்தின் ஓரத்தில் ஒரு மேடு. எதிரே காப்பிச் செடிகள் இறங்கி இறங்கிப் போய் ஒரு பள்ளத்தில் முடியும். பள்ளத்துக்கு அந்தப் பக்கம் புல்வெளி. அதன் உச்சியில் ஒரு ஊற்று. ஊற்றுக்குப் போக இடது பக்கமாகப் பள்ளத்தின் தலையைச் சுற்றிக்கொண்டு ஒற்றையடிப் பாதை போகும். காலையில் நான்தான் போய் ஒரு குடம் தண்ணீர் கொண்டுவந்தேன். திரும்பி வந்து குடத்தை இறக்கிவிட்டு எதிர்ப்பக்கத்தைப் பார்த்தபோதுதான் தெரிந்தது, அந்தப் புல்வெளி மேலிருந்து பார்க்கும்போது சாய்வாக இறங்குவதுபோல இருந்தாலும், கீழே கத்தியால் வெட்டிய மாதிரி நின்றுவிடுகிறது. அதற்குக் கீழே வெறும் பாறைச் சுவர். அதைப் பார்த்ததோடு சரி, யாரிடமும் சொல்லவில்லை. சொல்லத் தோன்றவில்லை.

சாப்பிட்டு முடித்ததும் தங்கை சோப்பும் துண்டும் எடுத்துக்கொண்டு தலை குளிக்க ஊற்றுக்குப் போனாள். நான் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். வெளிச்சம் மாறியதுபோல இருக்க நிமிர்ந்தேன். பனி இறங்கியிருந்தது, மரங்களின் உச்சியைக் காணவில்லை. கொஞ்ச நேரத்தில் மரங்களையே காணவில்லை. கையில் இருந்த தட்டு தெரிந்தது, அதற்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை.

"வந்துருவா" என்றார் அவர். "பாதை இருக்குதுல்ல."

வரவில்லை. காத்திருந்து பார்த்துவிட்டுக் கூப்பிட ஆரம்பித்தோம். இரண்டு பேரும் சேர்ந்து கத்தினோம். காற்று எங்கள் குரலைப் பின்னால் தள்ளியது. ரொம்ப நேரம் கழித்து, "அக்கா" என்பதுபோல ஒன்று கேட்டது. எந்தப் பக்கம் என்று சொல்ல முடியவில்லை. அவர் கிளம்பப் போனார். நான் சட்டையைப் பிடித்துக்கொண்டேன்.

"நீங்களும் போய்ட்டா நான் யாரைத் தேடுறதுங்க?"

அப்போதுதான் அவருக்கு அது தோன்றியது. "பாட்டுப் போடறேன். சத்தத்தைப் பிடிச்சு வந்துருவா." ஓடிப்போய் ஒயரை மாட்டி, ஸ்பீக்கர் பெட்டியைப் பானெட்டின் மேல் நிறுத்திச் சத்தத்தை முழுசாகத் திறந்தார். அந்த வெள்ளைக்குள் ஒரு கல்யாண வீட்டுப் பாட்டு அலறியது.

பலன் இருந்தது. கொஞ்ச நேரத்தில் அவள் குரல் மறுபடி கேட்டது, முன்னைவிடத் தெளிவாக. அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். நானும் சிரித்தேன் என்றுதான் நினைக்கிறேன். அடுத்த முறை கேட்டபோது இன்னும் பக்கத்தில் இருந்தது. நேர் எதிரே.

நேர் எதிரே. இடது பக்கம் பாதை இருக்கும் திசையிலிருந்து இல்லை.

காலையில் பார்த்த பாறைச் சுவர் அப்படியே கண்முன் வந்து நின்றது. அவள் பாட்டைப் பார்த்து நேராக நடந்து வருகிறாள். அந்தப் புல்வெளியில், எங்களைப் பார்த்து, ஒவ்வொரு அடியாக இறங்கி வருகிறாள். நாங்கள்தான் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறோம்.

ஒயரைப் பிடுங்கினேன்.

"ஏம்புள்ள, பைத்தியமா புடிச்சிருக்குது?" என்று அவர் கையை ஓங்கினார். நான் எதிரே காட்டினேன். அங்கே ஒன்றும் தெரியவில்லை. "அங்க கீழ வெறும் பாறைங்க. நேரா வந்தா அதுல விழுந்துருவாளுங்க" என்றேன். அவர் கை இறங்கியது.

"அங்கயே நில்லு" என்று கத்தினோம். தொண்டை கிழியக் கத்தினோம். பதிலுக்கு அவள் அழுகிற சத்தம் வந்தது. பிறகு அதுவும் விலகியதுபோல இருந்தது. பாட்டு இருந்தால் விளிம்புக்கு வருவாள். பாட்டு இல்லாவிட்டால் எங்கே போவாள் என்று தெரியாது. இரண்டில் எதைச் செய்தாலும் அவளை நாங்களே தள்ளிவிடுவோம் என்ற பயத்தில் ஒயரின் நுனியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். அந்த மாதிரி ஒரு நிலையில் அதற்கு முன்னும் நான் நின்றதில்லை, பிறகும் நின்றதில்லை.

"பாட்டை அந்தப் பக்கம் கொண்டுபோயிரலாமுங்க" என்று என் வாய் சொன்னது. "ஊத்துக்கு மேல இருந்து போட்டா மேல ஏறி வருவா."

ஒற்றையடிப் பாதையில் ஜீப் போகாது. டேப்பில் பழைய கட்டைகளைப் போட்டுப் பார்த்தார். ஒரு முனகலோடு நின்றுவிட்டது. உடனே ஸ்பேனரை எடுத்து ஜீப் பேட்டரியைக் கழற்ற ஆரம்பித்தார். அவசரத்தில் ஸ்பேனர் வழுக்கி வழுக்கி விழுந்தது.

அந்த நேரத்தில் புகைக்குள்ளிருந்து வருவதுபோல ஒரு பெண் வந்தாள். பக்கத்து எஸ்டேட்டில் வேலை செய்கிறவள். தலையில் புல்லுக்கட்டு இருந்தது.

"ஏனுங்க, பாட்டு பாடிட்டே இருந்துச்சு, சட்டுனு நின்னுபோச்சு. ஊட்டுக்குப் போற வழியில என்னமோன்னு பாக்க வந்தனுங்க."

சொன்னோம். அவள் எதிர்ப்பக்கம் திரும்பிப் பார்த்தாள். "நேத்து அந்தப் புல்லுல எருமெ மேஞ்சுதுங்க. காட்டெருமெ. நொம்பப் பெருசு" என்றாள். எனக்கு அதுவரை அந்த நினைப்பே இல்லை. அவளுக்கும் பயம்தான், குரலில் தெரிந்தது. ஆனாலும் புல்லுக்கட்டை இறக்கிப் போட்டுவிட்டு, சும்மாட்டைச் சரிசெய்து, ஸ்பீக்கர் பெட்டியைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டாள்.

அவள் முன்னால் போனாள். அவளுடைய சேலை நிறத்தைப் பார்த்துக்கொண்டே நாங்கள் இருவரும் பேட்டரியைக் கோணிப்பையில் வைத்து ஆளுக்கொரு பக்கம் தூக்கிப் போனோம். டேப் என் கழுத்தில் தொங்கியது. அந்தப் பேட்டரி என்ன கனம் கனத்தது என்று இப்போதும் என் தோளுக்குத் தெரியும். பாதை வளைகிற இடங்களில் அது சாய்ந்து, மூடியின் ஓரத்தில் கசிந்த திரவம் என் கணுக்காலில் பட்டது. ஈரம் என்று மட்டும் தெரிந்தது. போகும் வழியெல்லாம் பாட்டை நிறுத்தியே வைத்திருந்தோம். நடுவில் போட்டால் தங்கை எந்தப் பக்கம் திரும்புவாள் என்று யாருக்குத் தெரியும்? அந்த நடைதான் எல்லாவற்றிலும் மோசம். அவள் குரல் முதலில் வலது பக்கம் கேட்டது. பிறகு கீழே கேட்டது. பிறகு கேட்கவில்லை. கேட்காமல் போனதும் நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. ஒரு கல் உருண்டு விழுகிற சத்தத்துக்காகக் காதை வைத்துக்கொண்டே நடந்தேன்.

ஊற்றுக்குப் பக்கத்தில் அவளுடைய துண்டு கிடந்தது. சோப்பு, கல்லின் மேல் அப்படியே இருந்தது.

பேட்டரியை இறக்கினோம். அவர் முடிச்சுப் போட்ட ஒயரை விரலால் தடவித் தேடினார். கிளிப் இரண்டு முறை நழுவியது. மூன்றாவது முறை பிடித்துக்கொண்டது. பாட்டு எழுந்தது. அந்தப் பெண் பெட்டியை இறக்காமல், தலையில் வைத்தபடியே பள்ளத்தைப் பார்த்துத் திரும்பி நின்றாள்.

ஒரு பாட்டு முடிந்தது. இன்னொன்றும் முடிந்தது. யாரும் வரவில்லை.

"நிறுத்துங்க. நான் கூப்பிடறேன்" என்றேன். நிறுத்தினார். "சாமி, நாங்கதான். மேல இருக்கிறோம். எந்திரிக்காத, உக்காந்துட்டே மேல வா." மறுபடி பாட்டு. மறுபடி நிறுத்திக் கூப்பிட்டேன். இப்படியே மாற்றி மாற்றிச் செய்தோம். என் குரல் கம்மிப்போனபோது அந்த எஸ்டேட் பெண் கூப்பிட்டாள். "கண்ணு, பயப்படாத. உங்க அக்கா இங்கதான் இருக்குது. பாட்டுப் பக்கமா தவந்து வா கண்ணு."

கீழே புல் அசைகிற சத்தம் கேட்டது. மூன்று பேரும் ஒரே நேரத்தில் எருமையை நினைத்திருப்போம். அவர் என்னைப் பின்னால் தள்ளிவிட்டு முன்னால் நின்றார். வெள்ளைக்குள் தாழ்வாக ஏதோ கறுப்பாக வந்தது. ஈரத் தலைமுடி. இரண்டு கைகளாலும் புல்லைப் பிடித்து இழுத்து இழுத்து, முழங்காலால் ஏறி வந்தாள் என் தங்கை.

நான் ஓடிப்போய்க் கட்டிக்கொண்டிருக்க வேண்டும். அந்தப் பெண்தான் பெட்டியை இறக்கி வைத்துவிட்டுப் போய் அவளைத் தூக்கினாள். தன் தலைத்துணியை அவிழ்த்து அவள் முகத்தைத் துடைத்துவிட்டாள். தங்கையின் பற்கள் அடித்துக்கொண்டே இருந்தன.

அவளைப் பேச வைக்க நேரமாயிற்று. எங்கள் கத்தல் அவளுக்குக் கேட்டிருக்கிறது, ஆனால் வார்த்தை கேட்கவில்லை. வா என்கிறோம் என்று நினைத்திருக்கிறாள். பாட்டைப் பிடித்துக்கொண்டு இறங்கியிருக்கிறாள். பாட்டு நின்றதும் திகைத்துப்போய் ஓர் அடி எடுத்து வைத்தபோது கால் பட்ட கல் நழுவியிருக்கிறது. அது விழுந்த சத்தம் வெகுநேரம் வரவில்லையாம். அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"அப்பறம் அந்தப் பாட்டே பின்னாடி இருந்து வந்துச்சுக்கா" என்றாள். "முன்னாடி இருந்தது எப்படிப் பின்னாடி போகும்? வேற என்னமோதான் பாடிக் கூப்பிடுதுன்னு நெனச்சேன். அசையவே கூடாதுன்னு இருந்தேன். நடுவுல உன் குரல் வந்தப்பகூட நம்பல. அவங்க கண்ணுன்னு கூப்பிட்டப்பதான் மனுசங்கன்னு தெரிஞ்சுது."

அவர் கிளிப்புகளைக் கழற்றி ஒயரைச் சுருட்டினார். சுருட்டியதையே அவிழ்த்து மறுபடி சுருட்டினார்.

பனி விலகுவதற்குக் காத்திருக்கவில்லை. அந்தப் பெண்ணின் பின்னாலேயே பாதையில் திரும்பினோம். கூடாரத்துக்கு வந்த பிறகுதான் கணுக்கால் எரிய ஆரம்பித்தது. குடத்துத் தண்ணீர் முழுவதையும் அதில் ஊற்றினேன். சேலைக் கரையில் பேட்டரி ஆசிட் பட்ட இடமெல்லாம் பிசுபிசுவென்று ஓட்டையாகப் பிரிந்து வந்தது. பேட்டரியைத் திரும்ப மாட்டினால் ஜீப் முனகியதே தவிரக் கிளம்பவில்லை. அந்தப் பெண் போய் எஸ்டேட் தொழிலாளர்களின் லைன் வீடுகளிலிருந்து ஆட்களைக் கூட்டிவந்தாள். சரிவில் தள்ளிவிட்டார்கள். இருமிக்கொண்டே கிளம்பியது. தார்ப்பாயைச் சரியாக மடிக்கக்கூட இல்லாமல் உள்ளே திணித்து, பொழுதோடு கீழே இறங்கினோம். வழியெல்லாம் அவர் எஞ்சினை அணைக்கவில்லை.

அடிவாரத்தில் வெயில் இன்னும் மிச்சம் இருந்தது. ஒரு டீக்கடை ஓரமாக வண்டியை ஓடவிட்டபடியே நிறுத்தி மூன்று டீ சொன்னார். நல்ல வெக்கை. எனக்குக் குளிர் விடவில்லை. டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தேன். அப்போது எங்கோ ஒரு பாட்டு தொடங்கியது. தங்கை என் முழங்கையை இறுக்கிப் பிடித்தாள். நகம் பதிந்தது.

"அக்கா, இது எங்கிருந்து வருது?"

கடைக்குள் பலகையின் மேல் இருந்த ரேடியோவைக் காட்டினேன். அவள் எட்டிப் பார்த்தாள். கடைக்காரர் அதன் திருகைத் திருப்பிச் சத்தத்தைக் கூட்டுவதைப் பார்த்தாள். பிறகுதான் என் கையை விட்டுவிட்டு டீயை எடுத்துக் குடித்தாள்.