சிலேட்டில் ஒரு முதுகு

மாங்குளத்துக்கு இன்னும் ஏழு மைல் இருந்தது. தோளில் ஒரு துணிப்பை, அதற்குள் இரண்டு சாரமும் ஒரு சேட்டும். மல்லாவிப் பக்கம் திரும்பிப் பார்க்காமல் நடந்துகொண்டிருந்தேன். மூன்று நாளாகக் கழுவியும் வலது கையில் கொவ்வை இலை மணம் இருப்பது போலவே இருந்தது.

அந்த நடையை இப்போது நினைக்க வைத்தது என் வேலிதான். கொவ்வைக்கொடி படர்ந்து வேலி சாய்ந்துவிட்டது. நேற்று அதை அறுத்தெறிந்துவிட்டுக் கையை முகர்ந்து பார்த்தேன். பார்க்காமல் விட்டிருக்கலாம்.

உங்களுக்குச் சிலேட்டு தெரிந்திருக்கும். கொவ்வை இலையையும் அடுப்புக்கரியையும் சேர்த்துத் தேய்த்தால்தான் அது நன்றாகக் கறுக்கும் என்பது தெரியாமல் இருக்கலாம். எங்கள் பள்ளிக்கூடத்தில் வெள்ளிக்கிழமைதோறும் அந்தத் தேய்ப்பு நடக்கும். பள்ளிக்கூடம் என்றால், காடு வெட்டிக் குளத்துத் தண்ணீர் பாய்ச்சிய குடியேற்றத் திட்டத்தில் ஓர் ஓலைக் கிடுகுக் கொட்டில். இருபது பிள்ளைகள், இருபது சிலேட்டுகள். சிலேட்டுகள் பள்ளிக்கூடத்துக்குச் சொந்தம். வீட்டுக்குப் போனால் உடைந்து வரும் என்று கொட்டிலின் மரத்தூண்களில் ஆணியடித்துத் தொங்கவிட்டிருந்தோம்.

எட்டாம் வகுப்போடு ஊரை விட்டு ஓடியவன் நான். உப்பளம், மரம் அரிகிற வாடி, சைக்கிள் கடை என்று சுற்றிவிட்டு அங்கே போய்ச் சேர்ந்தேன். யாழ்ப்பாணத்திலிருந்து வருகிற வாத்தியார்மார் ஒரு காய்ச்சலோடு மாற்றம் வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள். எஞ்சியிருந்த தலைமை வாத்தியார், என் கையெழுத்து உருண்டையாக இருக்கிறது என்பதற்காக என்னைப் பிடித்து வைத்துக்கொண்டார். நியமனம் பிறகு எடுத்துத் தருவதாகச் சொன்னார்.

கணக்கில் நான் பிள்ளைகளை விட இரண்டு பக்கம்தான் முன்னால் நின்றேன். ஆகவே மத்தியானம் நெருங்கியதும், "விரும்பின படத்தைக் கீறுங்கோ" என்று விட்டுவிடுவேன். கல்விக் கொள்கை என்று நினைத்துவிடாதீர்கள். சோம்பல்தான். ஆனால் எழுத்துக் கூட்டும்போது தூங்கி விழுகிற பிள்ளைகள் அந்த அரை மணித்தியாலம் மூச்சுவிடவும் மறந்து கீறுவார்கள்.

தகப்பன்மாருக்கு அது பிடிக்கவில்லை. "ஆனை கீறப் பழக்காதேங்கோ வாத்தியார். அது கீறாமலே வருகுது" என்றார் ஒருவர். அவர்கள் பக்கமும் நியாயம் இருந்தது. அரசாங்கக் காணிக் கந்தோரிலிருந்து ஒரு கடிதம் வந்தால் அதை வாசிப்பிக்க மூன்று மைல் நடந்த சனம் அது.

பூமணிக்கு ஒன்பது வயதிருக்கும். அவளுடைய தகப்பன் வயலில் பாம்பு கடித்துச் செத்து ஐந்து மாதம். படம் எடுக்கிற கடை வவுனியாவில்தான் இருந்தது. அறுவடை முடியட்டும், குடும்பமாகப் போய் ஒரு படம் எடுப்போம் என்று அந்த மனிதன் சொல்லிக்கொண்டிருந்தானாம்.

ஒரு செவ்வாய்க்கிழமை அவள் அவனைச் சிலேட்டில் கீறினாள். முகம் இல்லை. முதுகு. மண்வெட்டி வைக்கிற தோள் மற்றதைவிடப் பதிந்திருந்தது. வலது குதிக்கால் சற்று வெளியே திரும்பியிருந்தது. குளக்கட்டில் எப்போதும் அவனுக்குப் பின்னால் நடந்த பிள்ளைக்குத் தெரிந்த அப்பா அதுதான். பக்கத்தில் இருந்த பொடியன், "மாமா போறார்" என்றான்.

தாய் நெல் அரிவி வெட்டுக்குக் கூலிக்குப் போய்க்கொண்டிருந்தார். வெள்ளி மத்தியானம்தான் வந்து பார்க்க முடியும் என்று சொல்லியனுப்பினார். பூமணி மூன்று நாளும் பாடத்தை மண்ணில் விரலால் எழுதினாள்.

"வெள்ளிக்கிழமை தேய்ப்பியளே, வாத்தியார்?"

"உன்ரை சிலேட்டைத் தொடமாட்டன் பிள்ளை" என்றேன்.

வெள்ளி காலை, பள்ளிக்கூடம் பார்க்க வித்தியாதரிசி வருகிறார் என்று சைக்கிளில் ஆள் வந்து சொன்னான். தலைமை வாத்தியார் காய்ச்சலோடு எழுந்து வந்தார். "தம்பி, சிலேட்டெல்லாம் கரி மாதிரி இருக்கவேணும். இண்டைக்கு நடக்கிறதிலைதான் உம்மடை நியமனம் கிடக்குது."

பத்தொன்பதைத் தேய்த்தேன். அவளுடையதை அலுமாரிக்குப் பின்னால் ஒளித்திருக்கலாம். மறுபக்கத்தில் எழுதச் சொல்லியிருக்கலாம். அவளைத் தண்ணீர் அள்ள அனுப்பியிருக்கலாம். இப்போது பத்து வழி தெரிகிறது. வருகிறவர் சிலேட்டைத் திருப்பிப் பார்த்து, இதுவோ இங்கே படிப்பிக்கிறது என்று கேட்டுவிடுவார் என்ற பயம் ஒன்றுதான் அன்றைக்குத் தெரிந்தது. தோளிலிருந்து தேய்க்கத் தொடங்கினேன். பூமணி பார்த்துக்கொண்டு நின்றாள்.

வித்தியாதரிசி நல்ல மனிதர். பத்துச் சொற்கள் சொன்னார். பூமணி ஒருத்திதான் பத்தும் சரியாக எழுதினாள். ஒரு சிலேட்டையும் அவர் திருப்பிப் பார்க்கவில்லை.

"கெட்டிக்காரி. ஆர் படிப்பிச்சது?"

தலைமை வாத்தியார் என்னைக் காட்டினார்.

அவர் போய் அரை மணித்தியாலத்தில் தாய் வந்தார். வாய்க்காலில் கால் கழுவி, வேறு சேலை கட்டிக்கொண்டு வந்திருந்தார். "இவள் அவரைக் கீறியிருக்கிறாளாம் வாத்தியார். ஒருக்கால் பாத்திட்டுப் போறன்."

பூமணி ஆணியிலிருந்து சிலேட்டைக் கழற்றிக் கொடுத்தாள். தாய்க்கு எழுத்துத் தெரியாது. வெளிச்சத்தில் பிடித்துச் சரித்துப் பார்த்தார். ஓர் எழுத்தின் வளைவில் விரல் வைத்து, "இதுவோ பிள்ளை தோள்?" என்று கேட்டார்.

"இல்லையம்மா. அது எழுத்து. படத்தை நான் அழிச்சுப்போட்டன்."

"ஏனடி?"

"பள்ளிக்கூடம் பாக்க ஆக்கள் வந்தவை."

அவள் என் பக்கம் திரும்பவில்லை. நான் மேசையில் சோக்குக்கட்டிகளை அடுக்கிக்கொண்டிருந்தேன். அடுக்கிக்கொண்டே இருந்தேன். தாய் சிலேட்டை இன்னும் கொஞ்ச நேரம் வைத்துப் பார்த்துவிட்டு, "பறவாயில்லை. எழுத்துத்தானே வேணும்" என்று திருப்பிக் கொடுத்தார்.

சனிக்கிழமை மல்லாவிக்கு நடந்துபோய் நல்ல கடுதாசி ஒன்றும் பென்சிலும் வாங்கினேன். திங்கட்கிழமை அவளிடம் கொடுத்து, "திரும்பக் கீறு" என்றேன். நெடுநேரம் குனிந்திருந்தாள். பிறகு கொண்டுவந்து தந்தாள். அந்தப் பத்துச் சொற்கள். ஒன்றின் கீழ் ஒன்றாக, கோடு போட்டு, அச்சடித்தது போல.

"மற்றது வரேல்லை, வாத்தியார்."

மத்தியானம் பையை எடுத்துக்கொண்டு நடந்தேன். நியமனக் கடிதம் வந்து, ஆளில்லாமல் திரும்பிப் போனதாகப் பிறகு கேள்விப்பட்டேன். இன்று அந்தக் கொட்டில் இல்லை. அந்தச் சனம் எங்கெங்கோ. பூமணி இருக்கிறாளோ தெரியாது. நேற்று, வெட்டிய கொடிக்குப் பக்கத்தில் குந்தியிருந்து, ஈர மண்ணில் அந்த முதுகைக் கீறிப் பார்த்தேன். தோளின் பதிவு வரவேயில்லை. பத்துச் சொற்களும் வந்தன.

அன்று மாங்குளத்தில் ஒரு மர லொறி ஏற்றிக்கொண்டது. ஓமந்தையில் இறங்கினேன். மறுநாள் காலை அங்கே றோட்டுக்குக் கல் உடைத்துக்கொண்டிருந்தார்கள். கங்காணி என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"எழுத வாசிக்கத் தெரியுமோ? தெரிஞ்சா பேர் பதியிற வேலை இருக்கு. நிழலிலை இருக்கலாம்."

"தெரியாது" என்றேன்.

"அப்ப பெருவிரலைத் தா."

மையைத் தடவி, பட்டியலில் விரலை அழுத்தினார். நான் சுத்தியலை எடுத்துக்கொண்டு போய்க் கற்குவியலுக்கு முன்னால் குந்தினேன்.