பட்டுப்போகாத மேப்பிள்

அகதிகளாக டென்மார்க்கின் ஹேர்னிங் நகரத்துக்கு வந்த மறுவருடம், எண்பத்தாறில், எங்களுக்குத் தோட்டத்தோடு ஒரு சின்ன வாடகை வீடு கிடைத்தது. பக்கத்து வீட்டில் எங்கள் வயதையொத்த டெனிஷ் ஆஸ்பத்திரித் தாதி ஒருத்தி இருந்தாள். இலையுதிர்காலத்தில் செக்கச் செவேலென்று சிவக்குமென்று சொல்லி, ஒரு மேப்பிள் கன்றைத் தந்தாள். வாசலருகே நட்டேன்.

பனிக்காலம் போய் ஏப்ரல் முடிந்தும் அது வெறும் குச்சியாகவே நின்றது.

"இது பட்டுப்போச்சுது. பிடுங்கிப்போட்டு வெங்காயம் வைப்பம்," என்றாள் மனைவி.

"ஓம், அதுதான் சரி," என்று மண்வெட்டியை எடுத்தேன்.

"நை, நை!" என்று, வேண்டாமென்பதை டெனிஷில் கத்தியபடி, வீட்டுச் செருப்போடு ஈரப்புல்லில் ஓடிவந்தாள் தாதி. கன்றின் பட்டையை நகத்தால் மெல்லச் சுரண்டிக் காட்டினாள். உள்ளே பச்சை. எங்களுக்கு விளங்கவேண்டுமென்று ஒவ்வொரு சொல்லாக டெனிஷில் சொன்னாள்:

"உயிர் இருக்கிறது. வேர் பிடிக்க நேரம் வேண்டும். பொறுங்கள்."

மொழிபெயர்ப்பாளர் இல்லாமல் நான் முழுதாக விளங்கிக்கொண்ட முதல் டெனிஷ் பேச்சு அதுதான். அந்நாட்டில் எங்களுக்காக ஒருவர் ஓடிவந்ததும் அதுவே முதல் தடவை.

இரண்டு கிழமையில் சிவப்புத் துளிர் விட்டது. அன்று மனைவி வடை சுட்டு, ஒரு தட்டில் கொண்டுபோய்க் கொடுத்தாள். தாதி வாசலில் நின்றபடியே ஒன்றைக் கடித்தாள். உறைப்பில் கண் கலங்க, "இன்னொன்று எடுக்கலாமா?" என்று கேட்டாள்.