கம்பி நாரால் துலக்கிய கண்ணாடி

அச்சகத்தில் மெய்ப்புத் திருத்தும் அந்தப் பெண்ணுக்குப் 'புள்ளியம்மா' என்று பெயர் விழுந்து வெகுகாலமாகிறது. ஒரு மெய்யெழுத்தின் தலையில் புள்ளி விட்டுப்போயிருந்தால் பக்கத்தைத் திருப்பவே மாட்டாள். அப்பேர்ப்பட்டவளின் மூக்குக்கண்ணாடிக்குத்தான் அந்த ஞாயிற்றுக்கிழமை கேடு வந்தது. ஓய்வுபெற்று வீட்டிலிருந்த கணவர், பாத்திரம் துலக்கிய கையோடு, தொட்டி ஓரத்தில் கிடந்த கண்ணாடியையும் கம்பி நாரால் தேய்த்து வைத்துவிட்டார்.

"அழுக்கா இருந்துச்சேன்னு..." என்று இழுத்தார்.

"அது என்ன அடிப்பிடிச்ச சட்டியா?"

போட்டுப் பார்த்தால் வீடே மழைக்குள் நின்றது. அத்தோடு விட்டாரா மனிதர்? தம்பிக்குப் போன் போட்டு யோசனை கேட்டார். பற்பசை தடவித் தேய்த்தால் கீறல் மாயமாகிவிடும் என்றான் தம்பி. மாயமானது லென்ஸின் மேல்பூச்சுதான். கீறல் போதாதென்று மூட்டமும் சேர்ந்துகொண்டது.

மறுநாள் அதையே மாட்டிக்கொண்டு வேலைக்குப் போனாள். மத்தியானம் தட்டச்சு செய்பவள் தாள்களோடு வந்து நின்றாள்.

"அக்கா, புள்ளியை எடுன்னு வட்டம் போட்டிருக்கீங்க. அங்க புள்ளியே இல்லையே, எதை எடுக்கறது?"

அத்தனையும் கண்ணாடியின் கீறல்கள்! புள்ளியம்மாவுக்குக் காது மடல் சுட்டது.

கண்ணாடிக்கடைக்காரர் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். "தேய்க்கத் தேய்க்க இன்னும் கெட்டுத்தாம்மா போகும். புதுசுதான் போடணும். வியாழக்கிழமை வாங்க."

அவள் திருத்திக்கொண்டிருந்த நாவலோ புதன்கிழமை அச்சுக்குப் போயாக வேண்டும். தாள்களை வீட்டுக்கே தூக்கிவந்து கணவர் முன்னால் போட்டாள்.

"உங்க கைவண்ணம்தானே? உக்காந்து எழுத்தெழுத்தாப் படிங்க."

படித்தார். கொஞ்ச நேரத்தில் குரல் நின்றது. கண் மட்டும் ஓடியது.

"ஏன் நிறுத்திட்டீங்க?"

"இரு, அவன் கப்பல் ஏறிட்டானான்னு பாத்துட்டுச் சொல்றேன்."

"அவன் ஏறினா என்ன, ஏறாட்டி என்ன? கப்பலுக்குப் புள்ளி இருக்கா, இல்லையா?"

கடைசி அத்தியாயத்தில் அவர் ஒரு பிழைகூடச் சொல்லவில்லை. புத்தகம் அச்சேறியது. புதுக் கண்ணாடியோடு அந்த அத்தியாயத்தைப் புரட்டியவள், பக்கத்துக்குப் பக்கம் பிழையைக் கண்டு தலையிலடித்துக்கொண்டாள்.

"கதை அப்படி இழுத்துட்டுப் போச்சு, நான் என்ன பண்ணட்டும்?" என்றார் அவர்.