காவல்காரனுக்கும் அதே பழுப்பு

என் மனைவியின் கழுத்தில், வலது காதுக்குக் கீழே, ஒரு கட்டி வந்தது. முதலில் கோலிக்குண்டு அளவில் இருந்தது. பிறகு அதன் பக்கத்திலேயே இன்னும் சில. திருவள்ளூரில் ஒரு ஆஸ்பத்திரியில் ஊசியால் உறிஞ்சிப் பார்த்து டிபி என்றார்கள். டிபி நுரையீரலில் மட்டும் வருவதில்லையாம், நெறிகட்டியிலும் வருமாம். மாத்திரை கொடுத்தார்கள். அவள் ஒரு வேளைகூடத் தவறாமல் விழுங்கினாள். கட்டி குறைவதற்குப் பதிலாகப் பெருத்தது.

அதனால் கட்டிகளில் ஒன்றை வெட்டி எடுத்துச் சோதித்தார்கள். டாக்டர் என்னை மட்டும் உள்ளே கூப்பிட்டார். "டிபி மாதிரிதான் இருக்கு. ஆனா நடுநடுவுல பெரிய பெரிய செல் சிலது தெரியுது. சந்தேகமா இருக்கு. மெட்ராஸ்ல ஒரு ஸ்பெஷல் டெஸ்ட் பண்ணிப் பாத்துடலாம்."

"சந்தேகம்னா இன்னா சார்?"

நெறிகட்டியில் வருகிற புற்றுநோய் ஒன்று இருக்கிறது என்றார். அதற்கப்புறம் அவர் சொன்னது எதுவும் என் காதில் ஏறவில்லை. எனக்குச் சாதாரண நாளிலேயே கவலை அதிகம். கேஸ் அடுப்பை மூடினேனா என்று பாதி வழியில் திரும்பி வருகிற ஆள் நான்.

வெட்டி எடுத்த சதையை ஆஸ்பத்திரியே மெட்ராஸ் லேபுக்கு அனுப்பும் என்றுதான் நினைத்திருந்தேன். அப்படி இல்லை. நோயாளியின் வீட்டு ஆள்தான் கையில் எடுத்துக்கொண்டு போக வேண்டும். ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டுக் கொடுத்தார்கள். தீப்பெட்டியைவிடச் சின்னதாக ஒரு தட்டு, அதன்மேல் வெள்ளை மெழுகு, மெழுகுக்குள் பருப்பு அளவில் சாம்பல் நிறமாக ஏதோ ஒன்று. கொடுத்த ஆள், "இதான் உங்க ஊட்டம்மா, பத்திரமா எத்துக்கினு போ" என்றார். வேறு விதமாகச் சொல்லியிருக்கலாம். அவர் அப்படிச் சொன்ன பிறகு அந்தக் கவரைச் சட்டைப் பையில் வைக்கவும் பயம், வைக்காமல் இருக்கவும் பயம்.

கத்திரி வெயில். எனக்கு வேலை கும்மிடிப்பூண்டி சிப்காட்டில், கம்பி போடுகிற மில்லில், உலைப் பக்கம். ஒன்பதாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டதிலிருந்து இரும்பு உருகுவதைப் பார்த்துக்கொண்டே இருக்கிறவன். சூடு என்றால் ஒன்றும் மிச்சமிருக்காது என்பதுதான் எனக்குத் தெரிந்த பாடம். இரும்பே உருகும்போது மெழுகு எம்மாத்திரம்? ரயிலுக்குள் அது உருகி, அவள் என் சட்டைப் பையில் ஒழுகிப் போய்விடுவாள் என்று தோன்றிவிட்டது. தோன்றியது தோன்றியதுதான்.

அவள் கட்டிக்கொடுத்த புளிசோற்றை ஸ்டேஷன் வாசலில் நின்றபடியே விழுங்கினேன். டப்பாவைக் கழுவினேன். ஜூஸ் கடையில் ஐஸ் கேட்டு வாங்கி நிரப்பி, கவரை நடுவில் வைத்து மூடினேன். மூடிய பிறகு, புளி வாசனை உள்ளே போய்ச் சதையைக் கெடுத்துவிடுமோ என்று அடுத்த கவலை.

ரயிலில் எதிர் சீட்டில் ஒரு கீரைக்கார அம்மா. என் மடியிலிருந்து தண்ணீர் சொட்டுவதைப் பார்த்துவிட்டது.

"இன்னா நைனா, மீனா?"

"சாப்பாடும்மா."

"சாப்பாட்ல ஐஸ் போட்டுக்கினு போறவன இப்பத்தான் பாக்குறேன்."

பக்கத்தில் இரண்டு பேர் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். என் பெண்டாட்டியைச் சாப்பாடு என்று சொல்லிவிட்டோமே என்று உடனே டப்பாவின் மூடியைத் தடவிக்கொடுத்தேன். அந்த நேரம் பார்த்து அவளே போன் பண்ணினாள். ஆரம்பாக்கத்தில், வீட்டில் இருந்தாள்; ஆஸ்பத்திரி ஆள் சொன்னதை ஏற்கெனவே அவளிடம் சொல்லியிருந்தேன்.

"எங்க கீற?"

"ரயில்ல."

"நான் எப்டி கீறேன்?"

அவள் டப்பாவைக் கேட்கிறாள் என்று புரிய ஒரு நிமிஷம் ஆனது. "சில்லுனு கீற," என்றேன்.

"வீட்ல ஃபேன்கூட ஓடல. அங்கியாவது சில்லுனு இருக்கட்டும்."

அவள் சிரித்தாள். போன் வழியாக ஒருத்தி, மடியில் ஒருத்தி. இரண்டில் எது நிஜமான ஆள், எதற்கு என்ன ஆனால் எதற்கு வலிக்கும் என்று ஏதேதோ ஓடியது. சென்ட்ரல் வரும்வரை டப்பாவின் மூடியிலிருந்து நான் கையை எடுக்கவில்லை.

மெட்ராஸ் லேபில் கவுன்ட்டரில் இருந்த ஆள் டப்பாவைத் திறந்து பார்த்தார். "இன்னாபா இது, குல்ஃபியா?"

வெயிலில் உருகிவிடும் என்று ஐஸில் வைத்துக் கொண்டுவந்தேன் என்றேன்.

"இந்த மெழுகு உருகறதுக்கு இந்த வெயிலெல்லாம் பத்தாதுபா. வெயில்ல நீ உருகுவ, அது உருகாது."

சத்தம் கேட்டு உள்ளேயிருந்து ஒரு டாக்டரம்மா வந்தார். கவருக்குள் தண்ணீர் புகுந்திருந்தது. மெழுகுக்கட்டியை வெளியே எடுத்துத் துடைத்து, தட்டின் விளிம்பில் பென்சிலில் எழுதியிருந்த நம்பரைப் பார்த்தார். அழியவில்லை. அழிந்திருந்தால் அவள் யாரோ ஒருத்தியாகப் போயிருப்பாள் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. கவுன்ட்டர் விளிம்பைப் பிடித்துக்கொண்டேன். அவர் என்னை உட்காரச் சொன்னார்.

"எங்க வேல பாக்கறீங்க?"

"கம்பி கம்பெனிங்க."

"அப்ப ஈசியா புரியும். ஒவ்வொரு செல்லுக்குள்ளயும் கம்பி மாதிரி மெல்லிசா இழை இருக்கு. செல்லு நிக்கறது, நகர்றது எல்லாம் அதாலதான். கட்டட சைட்ல கம்பியக் கட்டுக்கம்பி போட்டு இறுக்குவாங்கல்ல? அந்த மாதிரி இந்த இழைங்களக் கட்டா கட்டறதுக்கு ஒரு புரதம் இருக்கு. ஃபாசின்னு பேரு. அதுல மட்டும் போய் ஒட்டிக்கிற மாதிரி ஆன்டிபாடின்னு ஒரு மருந்து வாங்கி வெச்சிருக்கோம். அது ஒட்டின எடம் பழுப்பா மாறும்."

"எல்லா செல்லும் மாறுமா மேடம்?"

"மாறாது. நெறிகட்டில காவல் காக்கற செல்லு ஒரு வகை. கையக் கைய நீட்டிக்கிட்டு நிக்கும், கிருமியப் புடிச்சு மத்த செல்லுக்குக் காட்டிக் குடுக்கும். அப்படிக் கை நீட்டணும்னா உள்ள கட்டு நெறைய வேணும். அதனால அது பழுப்பாகும்." கையிலிருந்த மெழுகுக்கட்டியைப் பார்த்தார். "நாங்க சந்தேகப்படற புற்றுநோய் செல்லும் பழுப்பாகும்."

"அப்ப காவல்காரனும் திருடனும் ஒரே கலரா?"

"ஒரே கலர்தான். உருவத்தப் பாப்போம். வேற ஆன்டிபாடியும் போட்டுப் பாப்போம். ஒண்ண மட்டும் வெச்சு எதையும் சொல்ல மாட்டோம்."

ரிசல்ட்டுக்கு மறுபடி போனபோது அவரே உள்ளே கூப்பிட்டு, மைக்ராஸ்கோப்போடு இணைத்திருந்த டிவியில் காட்டினார். திரை முழுக்கப் பழுப்பு. எல்லாம் அவள்தான் என்று நினைத்துவிட்டேன்.

"இது உங்களோடது இல்ல. யாரோ ஒருத்தரோட டான்சில். அந்த ஆன்டிபாடி ஒழுங்கா வேலை செய்யுதான்னு பாக்க, மெழுகச் சீவி ஒட்டற ஒவ்வொரு கண்ணாடிலயும் ஓரத்துல இத ஒரு துண்டு வெப்போம்."

"யாரோடது மேடம்?"

"எனக்கும் தெரியாது."

அந்த ஆள் உயிரோடு இருக்கிறாரா என்று கேட்க வாயெடுத்து விட்டுவிட்டேன். யாரோ ஒருவரும் என் மனைவியும் ஒரே கண்ணாடியில் பக்கத்துப் பக்கத்தில் கிடந்தார்கள். கண்ணாடியை நகர்த்தினார். இப்போது அவள். நீல நிறப் புள்ளிகளுக்கு நடுவே அங்கங்கே பழுப்பாக, விரல்களை விரித்தது மாதிரி செல்கள் நின்றன.

"பழுப்பா இருக்கறதெல்லாம் கை நீட்டின செல்லுங்கதான். அந்தப் பெரிய செல்லு ஒண்ணுகூட நெறம் புடிக்கல. மத்த ஆன்டிபாடிலயும் அப்படித்தான். புற்றுநோய் இல்ல, டிபிதான். மாத்திரைய நிறுத்திடாதீங்க. சிலருக்கு மருந்து வேலை செய்யறப்பவே கட்டி வீங்கி, அப்பறந்தான் கொறையும்."

வீட்டுக்கு வந்து சொன்னேன். அவள் அரிசி களைந்துகொண்டிருந்தாள். "டிபின்னதும் சந்தோசப்படற குடும்பம் நம்பளோடதுதான்யா," என்று சொல்லிவிட்டு உலை வைத்தாள். அன்றைக்கு அவள் நன்றாகச் சாப்பிட்டாள்.

எனக்குத்தான் இறங்கவில்லை. இரண்டும் ஒரே கலர் என்று அந்த டாக்டரம்மாவே சொன்னாரே. திருட்டுச் செல் ஒன்றே ஒன்று கையை விரித்துக்கொண்டு காவல்காரன் மாதிரி நின்றிருந்தால்? மில்லில் கட்டுப்போட்ட கம்பிகளைக் கிரேன் தூக்கும்போது, துருவேறிய முனைகள் காற்றில் விரிந்து ஆடும். அப்போதெல்லாம் நான் வேறு பக்கம் பார்த்துக்கொள்வேன். ரயிலில் மேல்கம்பியைப் பிடித்துக்கொண்டு நீண்டிருக்கும் கைகளைப் பார்த்தாலும் அப்படித்தான். யாருடைய கை எது என்று தெரியாது.

மெழுகுக்கட்டியை லேபில் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். பத்திரமாக வைத்திருங்கள், பின்னால் தேவைப்படலாம் என்றார்கள். பின்னால் என்றால் எப்போது, எதற்கு என்று நான் கேட்கவில்லை. அது பீரோவில் அவளுடைய புடவைகளுக்கு நடுவில் இருக்கிறது. பீரோவைத் திறந்தால் உள்ளே யாரோ நின்றுகொண்டிருக்கிற மாதிரி இருக்கும். அந்தக் காவல்காரச் செல்கள் இன்னும் மெழுகுக்குள் கையை நீட்டியபடிதானே இருக்கும், யாரைப் பிடிக்க என்று நினைப்பேன்.

"அது செத்த சதைய்யா," என்பாள் அவள். "என்னிய உட்டுட்டு அதையே கட்டிக்கினு அழுவுற."

கட்டிகள் மெதுவாகக் கரைந்தன. மாத்திரைக் கோர்ஸ் முடிந்தது. அவள் மறுபடி வேலைக்குப் போகிறாள், பாட்டில் மூடி செய்கிற கம்பெனி. ஒரே ஒரு கட்டி மட்டும் பட்டாணி அளவில் நின்றுவிட்டது. அது அப்படியே இருக்கும், பயப்பட ஒன்றுமில்லை என்று திருவள்ளூர் டாக்டர் சொல்லிவிட்டார். பயப்படாதே என்று சொல்கிறவர்களுக்கு, அதை எப்படிச் செய்வது என்று சொல்லித்தரத் தெரிவதில்லை.

காலையில் அவள் ஷிப்டுக்குக் கிளம்பத் தலை பின்னும்போது நான் பின்னால் போய் நிற்பேன். முதலில் திட்டினாள், "தெனம் உன்னோட பேஜாரு," என்று கையைத் தட்டிவிட்டாள். இப்போது பழகிவிட்டாள். நான் வருகிற சத்தம் கேட்டதும், கண்ணாடியைப் பார்த்தபடியே, பாதிப் பின்னலை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு கழுத்தைச் சாய்க்கிறாள். விரலை வைக்கிறேன். பட்டாணி இருக்கிறது. பெரிதாகவில்லை. நேற்றும் இதே அளவுதானா என்று யோசித்துக்கொண்டே கொஞ்ச நேரம் நிற்கிறேன். "ஆச்சா?" என்கிறாள். நான் கையை எடுத்த பிறகு மீதியைப் பின்னுகிறாள்.