கரும்பலகையில் சைட்

பெங்களூரில் தத்துவப் பேராசிரியராக இருந்த எட்சன், அங்கே வாடகை கட்டுப்படியாகாமல் ஓசூரில் குடியிருந்தார். ‘தெரியும்’ என்ற சொல்லை ஒருவர் எப்போது சொல்லலாம் என்பதைக் குறியீடுகள் போட்டு ஆராய்வதுதான் அவர் உத்தியோகம். தற்செயலாகப் பலித்த ஊகம் அறிவாகாது என்று வெளிநாட்டு ஆய்விதழ்களில் நிறுவியிருந்தார். அதன் பக்கவிளைவாக, பஸ் வருமா என்று கேட்டால்கூட ‘வரலாம்’ என்பார். சாம்பாரில் உப்பு சரியா என்று கேட்பதை மனைவி ஜெபசீலி எப்போதோ நிறுத்திவிட்டாள்.

வீட்டுக்காரர் திம்மராயனுக்கு இப்படிப்பட்ட ஆள் எதையோ மறைக்கிறார் என்ற சந்தேகம் வராதிருந்தால்தான் ஆச்சரியம். 2006இல் அது முற்றியது. ஓசூரைச் சுற்றி ராகிக் காடெல்லாம் கல் நட்டு, கொடி கட்டி, வீட்டுமனை சைட்டாகிக்கொண்டிருந்த வருடம். குழாய் ரிப்பேர் பார்க்க வந்த திம்மராயன், எட்சன் குறியீடு எழுதிவைக்கும் கூடத்துக் கரும்பலகையைப் பார்த்தார். வரிசையாகச் சின்னச் சின்னச் சதுரங்கள். நடுவே அம்புக்குறிகள். எட்சனின் தர்க்கத்தில் சதுரம் என்றால் ‘நிச்சயமாக’. ஓசூரில் சதுரம் என்றால் சைட். அம்புக்குறி என்றால் வரப்போகிற ரோடு.

குருபரப்பள்ளிப் பக்கம் திம்மராயனுக்கு மானாவாரி நிலம் இருந்தது. புரோக்கர் நெருக்கிக்கொண்டிருந்தார். விற்கலாமா என்று எட்சனிடம் கேட்டார் திம்மராயன். எட்சன் தமக்குத் தெரியாது என்றார். பலகையில் இருப்பது என்னவென்று விளக்கவும் செய்தார். விளக்கம் நீள நீளச் சந்தேகமும் நீண்டது.

“கொத்தில்ல கித்தில்ல, தெரியாது கிரியாதுன்னு சொல்லாதீங்க சார். தெரியறதப் பத்தியே படிச்சவருக்குத் தெரியாதுன்னா யாரு நம்பறது? சொல்ல இஷ்டமில்லன்னா மாசக் கடசில வீட்டக் காலி பண்ணிடுங்க.”

பிள்ளைகளுக்குப் பரீட்சை நெருங்கியிருந்தது. அடுப்படி வாசலில் நின்று ஜெபசீலி கணவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். எட்சன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“விக்காதீங்க. எனக்குத் தெரியும்.”

ஆதாரமில்லாமல் அவர் வாயிலிருந்து வந்த முதல் ‘தெரியும்’ அது. வீடு தங்கியது.

மறுவருடம் நிலத்தை ஒட்டி ஒரு கம்பெனி வந்தது, விலை எகிறியது. மைசூர்பாகு டப்பாவோடு வந்தார் திம்மராயன். எட்சன் டப்பாவைத் திருப்பி நீட்டினார். அது குருட்டு ஊகம், தம்முடைய சொந்தக் கட்டுரைப்படியே அது அறிவில் சேராது என்று வெகுநேரம் வாதாடினார்.

திம்மராயன் சுவரைப் பார்த்தார். கிறிஸ்துமஸுக்கு வீடு துடைத்த ஜெபசீலி கரும்பலகையையும் துடைத்து வைத்திருந்தாள்.

“அடுத்தது எந்தப் பக்கம்னு நான் பாத்துருவேன்னுதான அழிச்சீங்க?” என்றார்.