கடற்காற்று வாங்கிய சென்சார்

மந்தைவெளியில் நீரஜாவை இரண்டு விதமாகச் சொல்வார்கள். ஜெயராம் பெண்டாட்டி என்பது ஒன்று. பிரசவ வலியோடு தானே காரோட்டி ஆஸ்பத்திரிக்குப் போனவள் என்பது இன்னொன்று. அன்றைக்குப் பின்சீட்டில் உட்கார்ந்து அழுதது ஜெயராம்தான். அதை அவரே ஒப்புக்கொள்வார். அந்தச் சிவப்பு ஜென் கார் இன்னும் அபார்ட்மென்ட் கீழ்த்தளத்தில்தான் நிற்கிறது. அப்போது பிறந்த ஷ்ரேயா காலேஜுக்கே போய்விட்டாள்.

பெருங்குடியில் வாரம் முழுக்கக் கம்ப்யூட்டரோடு மல்லுக்கட்டுகிற வேலை நீரஜாவுக்கு. அது போதாதென்று சனி ஞாயிறுகளில் காரோடும் மல்லுக்கட்டுவாள். கார்புரேட்டர் படுத்துவிட்டது என்றதும் வேறு யாராக இருந்தாலும் வண்டியைத் தலைமுழுகியிருப்பார்கள். இவளோ அதைக் கழற்றிப் போட்டுவிட்டு, பெட்ரோலைப் பீய்ச்ச இன்ஜெக்டர்களும், அவற்றை ஆட்டிவைக்க ஒரு குட்டிக் கம்ப்யூட்டரும் மாட்டினாள். ஆசை யாரை விட்டது!

மாமனார் வாங்கிய வண்டி. அவர் போன பிறகு மாமியார் பங்கஜத்தின் பேருக்கு மாறியிருந்தது. மாதக்கணக்காக அக்கக்காகக் கிடந்த வண்டியைப் பார்த்துப் பார்த்து, பங்கஜம் ஒரு நாள் ஒரே போடாகப் போட்டுவிட்டாள். வருகிற ஞாயிற்றுக்கிழமை காலையில் பெசன்ட் நகர் வரைக்கும் நிற்காமல் ஓட வேண்டும், இல்லாவிட்டால் காயலாங்கடைக்குப் போகட்டும் என்றாள். இந்த வீட்டில் வண்டிக்கு முதல் எதிரி மாமியார்தான் என்று நீரஜா அன்றைக்கே முடிவு கட்டிவிட்டாள்.

பெட்ரோலை எவ்வளவு விடுவது என்று அந்தக் குட்டிக் கம்ப்யூட்டருக்கு யாராவது சொல்ல வேண்டுமே. அதற்குத்தான் புகைக்குழாயில் ஒரு சென்சார். புகையில் மிச்சமிருக்கும் ஆக்ஸிஜனைப் பார்த்து, பெட்ரோல் கூடுதலா குறைவா என்று சொல்லும். சாம்பாருக்கு உப்புப் பார்க்கிற நாக்கு மாதிரி. ஆதம்பாக்கத்தில் பட்டறை வைத்திருக்கும் ஜாக்சன், குழாயில் அதற்கு இடம் வெட்டிப் பற்றவைத்துக் கொடுத்தான். ஒயர்களை நீரஜாவே இணைத்தாள்.

மாட்டுவதற்கு முன்னால் ஒரு சடங்கு பாக்கி. சென்சாரை வெளியே தொங்கவிட்டுச் சூடேற்றி, சுத்தமான காற்று இதுதான் என்று அதற்குப் பழக்க வேண்டும். வெள்ளிக்கிழமை சாயங்காலம் சுவிட்சைப் போட்டாள். அந்த நேரம் பார்த்து ஆபீசிலிருந்து போன் வர, மாடிக்கு ஓடினாள். திரும்பி வந்தபோது, பழகி முடிந்தது என்று காட்டும் பச்சை விளக்கு எரிந்தது. லேசாகச் சாம்பிராணி வாசனையும் இருந்தது. வெள்ளிக்கிழமையும் அதுவுமாக அந்தத் தெருவில் எந்த மூக்குக்கு அது உறைக்கப்போகிறது?

மறுநாள் வண்டி கிளம்பியது, கர்ரென்று கரும்புகையைக் கக்கியது, தெருமுனையில் நின்றது. ஜாக்சன் ஓடி வந்து ஸ்பார்க் பிளக்கைக் கழற்றினால், கரி அப்பிக் கிடந்தது. சென்சாரோ பெட்ரோல் போதவில்லை என்று சொல்ல, கம்ப்யூட்டர் அதை நம்பி மேலும் மேலும் ஊற்றியிருக்கிறது.

"கம்ப்யூட்டர் இன்னாக்கா பண்ணும்? அதுக்கு எவனோ ராங்கா சொல்லிக்கினு கீறான்," என்றான் ஜாக்சன்.

ஒயர், எர்த் எல்லாவற்றையும் நீரஜா திரும்பத் திரும்பச் சோதித்தாள். ஒரு குறையும் இல்லை. நாளைக்கு வண்டி போய்விடும் என்று நினைத்தபோது அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. கை தவறி விழுந்த ஸ்பானரை எடுக்கக் குனிந்தாள். முன்சக்கரத்தின் ஓரம் தேங்காய் நார்ச் சாம்பல் சிந்தியிருந்தது. அந்த வாசனை உடனே நினைவுக்கு வந்தது. சாம்பிராணிப் புகையைத்தான் சுத்தமான காற்று என்று சென்சார் பழகியிருக்கிறது! விறுவிறுவென்று மாடியேறினாள்.

"அம்மா, நேத்து கீழ வந்து சாம்பிராணி போட்டேளா?"

பங்கஜம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "வாராவாரம்தான் போடறேன். ஆத்துல எல்லா இடத்துக்கும் காட்டறேன், அதுக்கு மட்டும் காட்டப்படாதா?"

"காயலாங்கடைக்குப் போகட்டும்னேளே?"

"அவர் வண்டி அசையாம நிக்கறதைப் பாக்க முடியலைடி. ஓடணும்னுதான் வேண்டிண்டு போட்டேன்."

நீரஜாவுக்குச் சிரிப்பதா அழுவதா தெரியவில்லை. இவளை அல்லவா எதிரி என்று நினைத்திருந்தாள்!

பெட்ரோல் நெடி அடிக்கும் கீழ்த்தளம் இனி உதவாது. ஞாயிறு விடிந்ததும் சென்சாரைப் பையில் போட்டுக்கொண்டு ஸ்கூட்டரில் எலியட்ஸ் பீச்சுக்குப் போனாள். பக்கத்திலிருக்கும் மாதா கோயிலுக்குக் காலைப் பூசைக்கு வந்த ஜாக்சன் ஒரு பேட்டரியைக் கொண்டுவந்தான். கடலைப் பார்த்துச் சென்சாரைத் தொங்கவிட்டு இருவரும் மணலில் உட்கார்ந்தார்கள். வாக்கிங் வந்த பெரியவர் ஒருவர், பி.பி. பார்க்கிறார்கள் என்று நினைத்துச் சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு வந்து நீட்டினார். அவரைச் சமாதானப்படுத்தி அனுப்புவதற்குள் பச்சை விளக்கு எரிந்துவிட்டது.

வீட்டுக்கு வந்து சென்சாரை மாட்டி, பிளக்கைத் துடைத்துப் போட்டுச் சாவியைத் திருகினாள். துளிகூடக் கரும்புகை இல்லை. பங்கஜம் புடவையைச் சரிசெய்துகொண்டு முன்சீட்டில் ஏறிவிட்டாள். ஜெயராமுக்கு இந்த முறையும் பின்சீட்டுதான்.

அப்படி என்னதான் கோளாறு என்று மாமியார் கேட்க, நீரஜா உள்ளதைச் சொல்லிவிட்டாள். அடையாறு பாலம் வரைக்கும் பங்கஜம் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். அடுத்த வாரத்திலிருந்து கேட்டுவிட்டுத்தான் சாம்பிராணி போடுவதாகச் சொன்னாள்.

பெசன்ட் நகர் வந்தது. வண்டி எங்கேயும் நிற்கவில்லை.

"திரும்பிடலாமாம்மா?" என்றாள் நீரஜா.

"எதுக்கு? நன்னாத்தானே ஓடறது, திருவான்மியூர் வரைக்கும் போ."