சட்டைப் பையில் ஒரு தீப்பெட்டி

2004 ஆகஸ்ட் 8, ஞாயிற்றுக்கிழமை. காலை ஐந்தேகாலுக்கு எழுந்தேன். ஐந்தரைக்குக் குழாயில் தண்ணீர் வந்தது. எட்டுக் குடம் பிடித்தேன். ஆறு மணிக்குக் காபி. ஆறேகாலுக்குச் சைக்கிளைத் துடைத்துச் சங்கிலிக்கு எண்ணெய் விட்டேன். ஆறு ஐம்பதுக்கு இட்லி, நான்கு.

இதை நினைவிலிருந்து எழுதவில்லை. டைரியில் இருக்கிறது. காலையில் செய்தவற்றை வீட்டை விட்டுக் கிளம்பும் முன்பே எழுதிவிடுவது என் வழக்கம். மீதியைச் சாயங்காலம் எழுதுவேன். அந்தப் பக்கத்தில் காலை ஏழு மணியோடு எழுத்து நிற்கிறது. இருபத்திரண்டு வருட டைரிகளில் பாதி வெறுமையாக உள்ள பக்கம் அது ஒன்றுதான். அந்த மீதிப் பாதியைத்தான் இப்போது எழுதுகிறேன்.

சிவகாசியில் லேபிள் அச்சடிக்கும் ஓர் அச்சகத்தில் பிழை பார்க்கும் வேலை எனக்கு. என் நண்பனுக்கு விஸ்வநத்தம் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் வெடிமருந்து சலித்துக் கலக்கும் வேலை. இருவரும் ஆறாம் வகுப்பிலிருந்து ஒன்றாகப் படித்தவர்கள். மருந்து அறைக்குள் ஒரே நேரத்தில் அதிகம் பேரை விடமாட்டார்கள். கை நடுங்காதவன், அவசரப்படாதவன் என்று பெயர் எடுத்தவர்களைத்தான் அங்கே வைப்பார்கள். அந்தப் பெயரில் அவனுக்கு ஒரு சின்னப் பெருமை உண்டு. அவனுடைய அண்ணன் இதே தொழிலில் தீயில் போனவர். யாரோ ஒருவர் இடுப்பு மடிப்பில் தீப்பெட்டி வைத்திருந்ததுதான் காரணம் என்று அவன் வீட்டில் இன்றும் சொல்வார்கள்.

மேற்கே மலையடிவாரத்தில், ஒரு கண்மாய்க்குப் பின்னால் உள்ள பாறைக்குன்றில் குகை இருக்கிறது என்று கேள்விப்பட்டிருந்தேன். எங்கள் பக்கத்தில் குகையைப் பொடவு என்போம். அது எவ்வளவு தூரம் உள்ளே போகிறது என்று யாருக்கும் தெரியவில்லை. ஆளுக்கு ஒரு கணக்குச் சொன்னார்கள். அதுதான் எனக்கு உறுத்தியது. நாமே அளந்துவிடலாம் என்று நினைத்தேன். வாரத்தில் ஒரே ஓய்வு நாளில், தீபாவளி சீசன் நேரத்தில், வரமாட்டேன் என்ற நண்பனை நான்தான் இழுத்துக்கொண்டு போனேன்.

அவனுடைய மொபெட்டில் போனோம். ஆடிக்காற்று முகத்தில் மண்ணை அள்ளி வீசியது. குன்றின் அடியில் ஓர் அம்மாள் ஆடு மேய்த்துக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும், "எங்கன போறீக?" என்றார். சொன்னேன்.

"பொடவுக்குள்ளயா? வவ்வாப் புழுக்கை அள்ளவா வந்தீக?"

"இல்லத்தா, இவன் உள்ள போயி அளந்து பட்டா போடப் போறானாம்," என்றான் நண்பன்.

அவர் சிரிக்கவில்லை. "கொஞ்ச தூரம் போனா வழி ரெண்டாப் பிரியும். எடது கைப்பக்கம் போயிறாதீக. உள்ள ஆழமா கெடங்கு இருக்கு. எங்க ஆடு ஒண்ணு விழுந்து அதோட போச்சு, சத்தங்கூட கேக்கல," என்றார்.

நான் ஏற்பாட்டோடுதான் வந்திருந்தேன். ஒரு டார்ச் லைட், அதற்குக் கூடுதலாக இரண்டு செல், சின்னக் குறிப்பு நோட்டு, பென்சில். நண்பன் தன் பையிலிருந்து ஆறு சுருள் திரி எடுத்தான். மருந்து தோய்த்த நூல் திரி. மழையில் நமுத்துப்போய்க் கம்பெனியில் கழித்துப்போட்டது. கொண்டுவரக் கூடாதுதான். வீட்டில் புடலைப் பந்தலுக்குக் கட்ட ஆகும் என்று எடுத்து வைத்திருந்தான். வாசலில் ஒரு கல்லில் முனையைக் கட்டிவிட்டு, உள்ளே போகப் போகச் சுருளை அவிழ்த்து விட்டுக்கொண்டே போனால் திரும்பி வருவதற்கு வழி தப்பாது என்பது அவன் யோசனை.

முனையைக் கட்டிய பிறகு என் பக்கம் திரும்பிக் கையை நீட்டினான். கம்பெனி வாசலில் தினமும் காலையில் அவனைத் தடவிப் பார்ப்பார்களே, அந்த மாதிரி.

"ஏலே, தீப்பெட்டி, பீடி ஏதாச்சும் இருந்தா இங்கனயே வச்சிரு. திரியக் கையில வச்சிருக்கேன்."

"நான் என்னைக்கு பீடி குடிச்சேன்?"

"தீப்பெட்டி இருக்கான்னு கேட்டேன்."

"இல்ல."

அவன் கையை இறக்கிக்கொண்டான். தடவிப் பார்க்கவில்லை. என் சட்டைப் பையில், குறிப்பு நோட்டுக்குப் பின்னால், ஒரு தீப்பெட்டி இருந்தது. டார்ச் கெட்டுப்போனால் ஒரு துணை வேண்டும் என்று வைத்திருந்தேன். நமுத்த திரிதானே, இவன் ரொம்பத்தான் பயப்படுகிறான் என்று அப்போது நினைத்தேன்.

உள்ளே நுழைந்து, எடுத்து வைத்த ஒவ்வோர் எட்டையும் எண்ணினேன். ஆரம்பத்தில் நிமிர்ந்து நடக்கலாம். பிறகு குனிந்து. நாற்பத்தைந்தாவது எட்டில் ஓர் இடுக்கு. தவழ்ந்துதான் போக முடிந்தது. எழுபதில் வழி பிரிந்தது. அந்த அம்மாள் சொன்னபடி வலது பக்கம் போனோம். வௌவால் வாடை கண்ணை எரித்தது. பின்னால் நண்பன் திரியை விட்டுக்கொண்டே வந்தான். ஒரு சுருள் தீர்ந்ததும் நின்று அடுத்த சுருளை முடிச்சுப் போடுவான்; நான் எண்ணிக்கையை மனதில் பிடித்துக்கொண்டு காத்திருப்பேன். நூற்று முப்பத்தேழாவது எட்டில் பாறை அடைத்துக்கொண்டது. அதற்கு மேல் வழி இல்லை.

"அளந்தாச்சா? வா, போவோம்," என்றான்.

அந்த நேரத்தில் டார்ச் அணைந்தது. செல்லை மாற்றினேன். எரியவில்லை. பல்ப் போய்விட்டது. இரண்டு செல் கூடுதலாகக் கொண்டுபோன எனக்கு ஒரு பல்ப் கொண்டுபோகத் தோன்றவில்லை.

"அதுனால என்ன? திரியப் புடிச்சுக்கிட்டே போயிருவோம். நான் முன்னால போறேன், நீ எம் பின்னாலயே வா," என்றான். அவன் குரலில் பதற்றமே இல்லை. அப்படியே போயிருந்தால் கால் மணி நேரத்தில் வெளியே வந்திருப்போம்.

எனக்கு எண்ணிக்கை மறந்துவிடுமோ என்று இருந்தது. நூற்று முப்பத்தேழு, அதோடு நேரத்தையும் எழுத வேண்டும். அவன் இரண்டு எட்டு முன்னால் போயிருப்பான். நான் தீப்பெட்டியை எடுத்து ஒரு குச்சியைக் கிழித்தேன்.

கைக்கடிகாரத்தில் பதினொன்று நாற்பது. வலது கையில் குச்சியைப் பிடித்துக்கொண்டு நோட்டைத் தொடையில் வைத்து இடது கையால் கோணலாக எழுதினேன். வெளிச்சம் கண்டு அவன் திரும்பினான். அந்த முகத்தை நான் சொல்ல வேண்டாம். "லே" என்று மட்டும் கத்தினான். விரலில் சுட்டது. உதறினேன். குச்சி காலடியில் கிடந்த திரியின் மேல் விழுந்தது.

நமுத்த திரிதான். ஆனால் வீட்டில் அத்தனை நாள் கிடந்ததில் காய்ந்துவிட்டிருந்தது. சீறிக்கொண்டு இரண்டு பக்கமும் நெருப்பு ஓடியது. ஒன்று அவன் தோளில் கிடந்த மீதிச் சுருளை நோக்கி வந்தது. அவன் சுருளைக் கழற்றி எறிந்தான்; அது விழுந்த இடத்திலேயே புஸ்ஸென்று ஒரேயடியாக எரிந்தது. இன்னொன்று வாசலை நோக்கி, நாங்கள் வந்த வழியிலேயே ஓடியது. எங்கள் வழியையே தின்றுகொண்டு போனது.

"மிதிச்சா அணையாதுலே, முன்னால போயி அறுக்கணும்," என்று சொல்லிக்கொண்டே அவன் நெருப்பைத் துரத்திக்கொண்டு ஓடினான். சிவப்புப் புள்ளி வளைவில் மறைந்தது. அதோடு அவனும் மறைந்தான்.

புகை. இருட்டு. தலைக்கு மேலே வௌவால்கள் அடித்துக்கொண்டன. நான் துண்டால் மூக்கை மூடிக்கொண்டு உட்கார்ந்தேன். எண்ணுவதைத் தவிர எனக்கு வேறொன்றும் தெரியாது. இருநூற்றுப் பத்து வரை எண்ணினேன். பிறகு அவன் குரல் கேட்டது.

"அறுத்துட்டேன். மிச்சத் திரி எங்கையில இருக்கு. இடுக்குக்குள்ள கெடக்கேன். சத்தத்தப் பாத்து வா."

எழுந்து சுவரைத் தடவிக்கொண்டு நடந்தேன். வழி பிரியும் இடம் வந்தபோது அவன் குரல் இரண்டு பக்கமிருந்தும் கேட்டது. முன்னாலும் கேட்டது, கிடங்கு இருந்த பக்கத்திலிருந்தும் கேட்டது. போகும்போது இடதுகைப் பக்கம் இருந்த கிடங்கு திரும்பும்போது வலதுகைப் பக்கம் ஆகிவிடும் என்று தெரியும். ஆனால் இருட்டில் நான் எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறேன் என்பதே தெரியவில்லை. காலை எடுத்து வைக்கப் பயமாக இருந்தது.

"சத்தம் ரெண்டு பக்கமும் கேக்குதுலே. ஒரே ஒரு குச்சி கொளுத்திப் பாத்துக்கிடவா?"

 "இன்னும் இருக்கா உங்கிட்ட?" என்றான்.

கோபமாகக் கேட்டிருந்தால் தாங்கியிருப்பேன். அவன் தெரிந்துகொள்வதற்காகத்தான் கேட்டான்.

"வேணாம். மிச்சத் திரி எங்கையில இருக்கு. உக்காந்து தரையத் தடவு. திரி எரிஞ்ச தடம் சூடா இருக்கும். கரி ஒட்டும். அதப் புடிச்சு வா."

உட்கார்ந்தேன். தடவினேன். குளிர்ந்த பாறையில் ஒரு விரல் அகலத்துக்குக் கதகதப்பாக ஒரு கோடு. பொடிப்பொடியாகக் கரி. அதை மோந்து மோந்து, முழங்காலால் தவழ்ந்து போனேன். நான் கொளுத்திய நெருப்பு போட்ட கோடு அது. சில இடங்களில் சூடு ஆறிப்போயிருந்தது. அங்கே வாடையை மட்டும் நம்ப வேண்டியிருந்தது. கடைசியில் என் தலை அவன் காலில் இடித்தது.

"வந்துட்டியா," என்றான். மிச்சத் திரியின் முனையைத் தன் இடது கையால் என் கையில் வைத்தான். வலது கையைத் தொடாதே என்றான்.

இடுக்குக்குள் நெருப்பை முந்திப் போக இடம் இல்லை. அதன் மேலேயே தவழ்ந்து, வெறும் உள்ளங்கையால் பிடித்து, முன்னால் கிடந்த நூலைப் பல்லால் அறுத்திருக்கிறான். வெளிச்சத்துக்கு வந்த பிறகுதான் பார்த்தேன். வலது உள்ளங்கையிலும் கடைசி இரண்டு விரல்களிலும் தோல் உரிந்து தொங்கியது. வாய் ஓரம் கறுத்திருந்தது.

ஆடு மேய்த்த அம்மாள் தூக்குவாளித் தண்ணீரை அவன் கையில் ஊற்றினார். "என்னய்யா இது?" என்றார்.

"பாறை சுட்டுருச்சுத்தா," என்றான்.

ஊருக்கு வந்து டாக்டரிடம் போனோம். எங்கள் ஊர் டாக்டர்கள் புண்ணைப் பார்த்ததுமே கேட்கும் முதல் கேள்வி, எந்தக் கம்பெனி என்பதுதான். அவரும் அதைத்தான் கேட்டார். "வெந்நிப் பானை கவுந்துருச்சு சார்," என்றான் நண்பன். டாக்டர் என்னைப் பார்த்தார். நான் கட்டிலுக்கு அடியில் இருந்த வாளியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வெளியே வந்ததும் சொன்னான்: "திரி எடுத்துட்டு வந்தேன்னு தெரிஞ்சா வேலை போயிரும். நீ யார்கிட்டயும் வாயத் தொறக்காத. டைரியிலயும் எழுதாத." அவன் என்னிடம் கேட்டது அது ஒன்றுதான். அதனால்தான் அந்தப் பக்கம் வெறுமையாக இருந்தது. குறிப்பு நோட்டில் மட்டும் 11.40 – 137 என்று இருக்கிறது. பக்கத்தில் என் கட்டைவிரல் கரி. இப்போது அவனே எழுதச் சொன்னதால் எழுதுகிறேன்.

அவனுக்கு வேலை போகவில்லை. ஆனால் அந்த இரண்டு விரல்களும் மறுபடி முழுதாக மடங்கவில்லை. சல்லடை பிடிக்க முடியாது என்று மருந்து அறையிலிருந்து எடுத்துப் பெட்டி கட்டும் இடத்துக்கு மாற்றிவிட்டார்கள். கை நடுங்காதவன் என்ற பெயரை அதற்குப் பிறகு யாரும் அவனுக்குச் சொல்லிக் கேட்கவில்லை. வெந்நீர்ப் பானையைக்கூடப் பார்த்து இறக்கத் தெரியாதவன் என்று அங்குள்ள பெண்கள் கேலி செய்வார்களாம். அவனும் சேர்ந்து சிரிப்பானாம்.

குகைக்குப் போய்வந்த மறுநாள், திங்கட்கிழமை. ஐந்து மணிக்கு எழுந்தேன். காபி குடிக்கவில்லை. முதல் வேலையாக அவன் வீட்டுக்குப் போனேன். வாசலில் கட்டுப்போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். நான் சைக்கிளை நிறுத்திவிட்டு அருகே போனேன். அவன் எழுந்தான். இடது கையை நீட்டி என் சட்டைப் பையைத் தடவிப் பார்த்தான். பிறகுதான், "வா, உக்காரு, காபி குடிக்கியா?" என்றான்.

இன்றும் அவனைப் பார்க்கப் போகும்போது, தெருமுனையிலேயே என் கை தானாகச் சட்டைப் பைக்குப் போய்விடுகிறது. அதில் ஒன்றும் இல்லை என்று எனக்குத் தெரியும். ஆனாலும் ஒரே ஒருமுறை என் சொல்லை நம்பித் தடவிப் பார்க்காமல் விட்ட அந்தக் கையை என்னால் மறக்க முடியவில்லை.